உறுப்பினர் எழுதி வளர்த்த ஏடு

கழகம் அமைப்பது எளிது. அக்கழகத்திற்கென ஓர் ஏடு தொடங்குவதும் அத்துணை அரிதன்று. தொடக்க ஆர்வத்தில் முதல் இதழ் எப்படியும் வெளிவந்துவிடும். மூன்றாம் இதழுக்குரிய நாள் நெருங்கும்போதுதான் ஆசிரியர் பொறுப்பேற்றவர் படும் பாடு தெரியும். "அடுத்த மாதம் தருகிறேன்" என்பார் ஒருவர். "எனக்கு எழுத வராது, ஐயா" என்பார் மற்றொருவர். பள்ளிகளில் கழகங்களை நடத்திவரும் நம் ஆசிரியர்கள் இவ்விரு விடைகளையும் நன்கு அறிவர்.

இவ்விடர் நமக்கு மட்டும் உரியதன்று. தொழிலால் வேறுபட்டு விருப்பத்தால் ஒன்றுபட்ட சிலர் தொடங்கிய ஓர் ஏடு, நூற்றாண்டைக் கடந்து இன்றும் வெளிவருகிறது. அதன் பக்கங்கள் எவ்வாறு நிரம்பின என்பதை ஆராய்ந்தால், நமக்கும் வழி புலப்படும்.

எண்மர் தொடங்கிய கழகம்

1883ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 15ஆம் நாள், பம்பாய் நகரில் எண்மர் கூடிப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தைத் தோற்றுவித்தனர். அவர்களுள் ஆத்மாராம் பாண்டுரங், சகாராம் அர்ஜுன் என்னும் மருத்துவர் இருவரும் இந்தியர். ஏனையோர் ஆங்கிலேயர் ஆட்சியில் பல பணிகளில் இருந்தோர். பறவையும் பாம்பும் பூச்சியும் பூவும் அவர்கட்குப் பிழைப்பன்று, ஓய்வுநேர விருப்பமே. மாதந்தோறும் கூடுவது, தாம் கண்டவற்றைப் பிறர்க்குக் கூறுவது, கிடைத்த அரும்பொருள்களைக் காட்டுவது ஆகியனவே அவர்கள் வகுத்துக்கொண்ட திட்டம்.

தொடக்கத்தில் நகரின் அரும்பொருட் காட்சியகத்தில் கூடினர். 1884இல் பிப்சன் என்னும் மதுவணிகர் தம் கடையில் ஓர் அறையை அளித்தார். 1886ஆம் ஆண்டு சனவரித் திங்களில் கழகத்தின் ஏடு பிறந்தது. அதன் ஆசிரியர் இருவருள் ஒருவர் எயிட்கன். சுங்கம், உப்புத் துறையில் பணிபுரிந்த அவர், வீட்டைச் சுற்றித் திரியும் எலியையும் காக்கையையும் எறும்பையும் நகைச்சுவை ததும்ப எழுதியவர். அருகில் உள்ளவற்றையும் எழுதலாம் என்பதற்கு அவரே சான்றாக விளங்கினார்.

ஈண்டு ஒன்றைக் கருதவேண்டும். ஏடு முதலில் தோன்றவில்லை. கூட்டமே முதலில் தோன்றியது. இரண்டு ஆண்டுக்கும் மேலாகப் பேசிப் பழகிய பின்னரே அவர்கள் எழுதத் தொடங்கினர். நாமோ பெரும்பாலும் பேசவைக்காமலே எழுதச் சொல்கிறோம்.

குறிப்பே வாயில்

அவ்வேட்டில் நீண்ட கட்டுரைகள் இடம்பெற்றன. அவற்றோடு 'பல்வகைக் குறிப்புகள்' என்ற பகுதியும் இருந்தது. ஒரு பக்கமோ அரைப் பக்கமோ அமைந்த சிறு செய்திகளுக்கு அங்கே இடம் கிடைத்தது. எந்த இடத்தில், எந்த நாளில், எதனைக் கண்டேன் என்ற மூன்றும் தெளிவாக இருந்தால் போதும், நடையழகு வேண்டியதில்லை. படைவீரர், வன அலுவலர், பொறியாளர், தேயிலைத் தோட்டக்காரர் எனக் கட்டுரை எழுத அஞ்சிய பலரும் இவ்வாயில் வழியே உள்ளே வந்தனர்.

குறிப்புகள் பெருகப் பெருகப் பெருநூல்களும் பிறந்தன. இந்திய மருத்துவப் பணியில் இருந்த பிராங்க் வால் என்பார், இந்தியாவில் பரவலாகக் காணப்படும் பாம்புகளைப் பற்றி எல்லார்க்கும் விளங்கும் வகையில் பல ஆண்டுகள் தொடர் எழுதினார். வண்ணப் படங்களுடன் வந்த அத்தொடர் ஏட்டிற்கு நிலையான உணவாயிற்று.

புதியவரை வரவேற்ற பாங்கும் நினைவுகூரத்தக்கது. 1908இல் ஒரு சிறுவன், தான் சுட்ட மஞ்சள் கழுத்துச் சிட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு தயங்கித் தயங்கிக் கழகத்தினுள் நுழைந்தான். மதிப்பியல் செயலாளர் மில்லார்டு அவனை விரட்டவில்லை. அது இன்ன பறவை என விளக்கி, கழகத்தின் சேமிப்பைக் காட்டி, நூல்களும் தந்து உதவினார். அச்சிறுவனே பிற்காலத்தில் பறவையியலறிஞராகப் புகழ்பெற்ற சாலிம் அலி. 1930இல் வேலையின்றிக் கடலோரச் சிற்றூராகிய கிகிமில் தங்கியிருந்த காலத்தில், அவர் தூக்கணாங்குருவியின் கூடுகளை நாள்தோறும் கவனித்தார். அதன் பயனாக எழுந்த கட்டுரை மறு ஆண்டு இதே ஏட்டில் வெளிவந்தது. சிறுவனிடம் காட்டிய பொறுமைக்கு இருபது ஆண்டு கழித்து விளைச்சல் கிடைத்தது எனலாம்.

குப்பைக் கூடைக்குத் தப்பிய செய்தி

வருவதை எல்லாம் வெளியிடலாமா என்பது ஆசிரியருக்குள்ள மற்றொரு சிக்கல். 1947இல் மத்திய இந்தியாவில் ஒரு சமஸ்தான மன்னர், இரவில் காரிலிருந்தபடி மூன்று சிவிங்கிப்புலிகளைச் சுட்டு வீழ்த்தினார். விலங்குகளைப் பாடம் செய்யும் மைசூர் நிறுவனம் ஒன்று அச்செய்தியை வேட்டைச் சிறப்பாக எழுதி ஏட்டிற்கு அனுப்பியது. ஆசிரியர்கள் அருவருப்புற்றனர், குப்பைக் கூடையில் எறியவே முதலில் எண்ணினர். ஆயினும் புகழ்ச்சியாக அன்றிக் குற்றச்சாட்டாகவே வெளியிடுகிறோம் எனத் தெளிவாகக் குறித்து, 1948இல் அதனை அச்சிட்டனர்.

இந்தியக் காடுகளில் எஞ்சியிருந்த சிவிங்கிப்புலிகளின் முடிவுக்கு அச்சிறு குறிப்பே சான்றாயிற்று. 1952இல் அவ்விலங்கு இந்தியாவில் அற்றுப்போனதாக அரசு அறிவித்தது. 2022இல் ஆப்பிரிக்காவிலிருந்து கொணர்ந்தே மீண்டும் விடவேண்டியதாயிற்று. ஆசிரியர் கை ஒருகணம் தவறியிருப்பின், அம்முடிவின் வரலாறும் உடன் மறைந்திருக்கும்.

நம் நாட்டில்

மலாயாவிலும் இத்தகைய முயற்சி எழுந்தது. 1940இல் மலாயா இயற்கைக் கழகம் தோன்றியது. அதன் ஏடும் அவ்வாண்டே வெளிவந்தது. ஓராண்டு கழித்துப் போர் மூண்டது. சப்பானியர் ஆட்சி வந்தது. காவல்துறை அதிகாரியும் பறவை ஆர்வலருமான மேடக், சிங்கப்பூர்ச் சாங்கிச் சிறையில் அடைபட்டார். அங்கிருந்தபடியே அவர் மலாயாப் பறவைகளைப் பற்றி ஒரு நூலை உருவாக்கினார். போருக்குப்பின் 1947இல் கழகம் அதனை வெளியிட்டது. 'எழுத நேரமில்லை, வசதியில்லை' எனக் கூறுவோர் இதனை எண்ணிப் பார்ப்பாராக.

எனினும் இவ்வேடுகளைப் புரட்டும்போது என் நெஞ்சில் ஒரு குறை நெருடுகிறது. அக்காலத்தில் எழுதியோருள் மிகப் பலர் அதிகாரிகளும் தோட்ட நிருவாகிகளுமே. விடியுமுன் இரப்பர்க் காட்டினுள் நுழைந்து, எந்தப் பாம்பு எங்கே சுருண்டிருக்கும், எந்தப் பறவை எப்பொழுது கூவும் என்பதை உடலால் அறிந்திருந்த நம் பாட்டன் பாட்டிமாரின் பெயர்களை அங்கே காண்பது அரிதினும் அரிது. அவர்களிடம் அறிவு இல்லாமலில்லை. "நீ கண்டதைச் சொல், நான் எழுதிக்கொள்கிறேன்" என்று கேட்க ஒருவரும் இல்லை. அவர்களோடு அவ்வறிவும் மண்ணுக்குள் போயிற்று.

இவ்வுண்மையை எனக்கு உணர்த்தியவன் ஒரு மாணவன். செம்பனைத் தோட்டத்துப் பள்ளியொன்றில் நான் பணியாற்றியபோது, இயற்கைக் கழகத்தின் கையெழுத்து ஏட்டிற்குக் கட்டுரை கேட்டுச் சுற்றறிக்கை விடுத்தேன். பத்து நாளாகியும் ஒரு தாள்கூட வரவில்லை. ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவனை அழைத்துக் காரணம் கேட்டேன். "கட்டுரையெல்லாம் தெரியாதுங்க சார்" என்றவன், சற்று நேரம் கழித்து, எலிகளை ஒழிக்கத் தோட்டத்தில் வைத்திருந்த ஆந்தைப் பெட்டியைப் பற்றித் தானாகவே பேசத் தொடங்கினான். பெட்டியின் கீழே ஆந்தை கக்கிய உருண்டைகள் கிடந்ததையும், அவற்றை உடைத்துத் தானும் தந்தையும் எலியின் மண்டையோடுகளை எண்ணியதையும் விரிவாகச் சொன்னான். நான் அதனை அவன் சொற்களிலேயே எழுதிப் படித்துக் காட்டினேன். "இதுதான் கட்டுரையா, சார்?" என்று வியந்தான். அவ்விதழின் முதற்பக்கத்தில் அதுவே இடம்பெற்றது. அடுத்த இதழுக்கு நான் யாரையும் கெஞ்ச நேரவில்லை.

ஆசிரியப் பெருமக்களே, மாணவச் செல்வங்களே! ஏட்டிற்கு எழுத்து இல்லை என்று வருந்துமுன், உறுப்பினரைப் பேசவைத்தோமா என்று எண்ணிப் பார்ப்போம். கட்டுரை கேட்டால் அஞ்சுபவர், கண்டதைக் கேட்டால் கூறுவர். இடமும் நாளும் குறித்து, சொன்னவர் பெயரையும் சேர்த்து எழுதி வைப்போம். நம் முன்னோர்க்கு நேர்ந்த குறை நம் பிள்ளைகளுக்கும் நேராதிருக்க அதுவே வழி.