சிரமதானம் பிறந்த கிராமம்

இளைஞர் தொண்டு என்றதும் நிதி திரட்டுதலையும் பரிசளிப்பையுமே பலர் நினைப்பர். நம் நாட்டுச் சரித்திரமோ வேறொரு வழியையும் காட்டுகின்றது.

சாதி காரணமாக ஒருவர்மீது சமூகத் தடை விதிப்பது இலங்கையிலே 1957ஆம் ஆண்டுச் சட்டத்தால் குற்றமாயிற்று. ஆயினும் சட்டம் ஏட்டிலிருக்க, வழக்கம் வீட்டிலிருந்தது.

மறு ஆண்டு டிசம்பரில், கொழும்பு நாலந்தாக் கல்லூரியின் இளம் ஆசிரியர் ஏ. ரி. ஆரியரத்ன, தம் மாணாக்கரைக் குருநாகல் மாவட்டத்துக் கனத்தொளுவைக்கு அழைத்துச் சென்றார். அவருக்கு அப்பொழுது வயது 27. அவ்வூர், ஏனையோர் தீண்டாது ஒதுக்கிய ரொடியா மக்களின் குடியிருப்பு. நகரத்துப் பிள்ளைகள் அவர்களோடு தங்கினர், உடனிருந்து உண்டனர், கிணறு வெட்டினர்.

அம்முகாமிலிருந்து வளர்ந்ததே சர்வோதய சிரமதான இயக்கம். பின்னர் அது ஆயிரக்கணக்கான கிராமங்களுக்குப் பரவிற்று. மாணவர் அங்கே கொடுத்தது உழைப்பு. பெற்றது, மனிதரை மனிதராய்க் காணும் கல்வி. அதனைச் சட்டத்தால் மட்டும் புகட்டுதல் இயலாது.

யாழ்ப்பாணத்துக் கிராமங்களிலும் சாதியின் பெயரால் கிணறுகள் மறுக்கப்பட்டதை நாம் மறத்தலாகாது. ஆகவே மண்வெட்டியுடன் புறப்படும் இளைஞரே, நீங்கள் வெட்டும் கிணற்றில் யார் யார் நீர் அள்ளுவர் என்பதை முதலிற் கேளுங்கள். எல்லாரும் என்ற விடை கிடைத்த பின் மண்ணிலே மண்வெட்டியை வையுங்கள்.