எல்லையில் நின்ற வழக்கறிஞர்கள்: நாற்பதாண்டுத் தொண்டின் வரலாறு

அமெரிக்காவின் தென் எல்லையில் தஞ்சம் கோரி வருவோருக்குக் கட்டணமின்றி வாதாடும் தொண்டு தொடங்கி நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அதன் தொடக்கக் காலத்தை இன்றைய இளம் தொண்டர்கள் நன்கு அறிந்திருக்க வேண்டும். அதனால் அந்த ஆண்டுகளைச் சற்று விரிவாகவே இங்கு பதிவு செய்கிறோம்.

1980 மார்ச் 17 அன்று அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையொப்பமிட்ட அகதிகள் சட்டம், எல்லையில் வந்து நிற்பவரும் தஞ்சம் கேட்கலாம் என்றது. அவர் வழக்கறிஞரை வைத்துக்கொள்ளலாம், ஆனால் அரசின் செலவில் அல்ல என்பது குடிவரவுச் சட்டத்தின் நிலை. கையில் காசில்லாமல் வந்தவருக்கு அந்த உரிமை ஏட்டில் மட்டுமே இருந்தது. நம் முன்னோடிகள் அனைவரும் அந்தக் குறையை நிரப்ப வந்தவர்களே.

அதே மார்ச் 24 அன்று எல் சால்வடோரின் பேராயர் ரொமேரோ திருப்பலி நிறைவேற்றிக்கொண்டிருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார். உள்நாட்டுப் போருக்கு அஞ்சிய மக்கள் வடக்கே நடக்கத் தொடங்கினர். ஜூலையில் அரிசோனா பாலைவனத்தில் சால்வடோரியர் 13 பேர் தண்ணீரின்றி மாண்டனர். பிழைத்தவர்களை டூசான் நகரத் தேவாலயங்கள் ஏற்றுக்கொண்டன. அந்நகரில் 1970-களிலிருந்தே ஏழைக் குடியேறிகளுக்கு உதவி வந்த மான்சோ வட்டார மன்றம், மார்கோ கோவன், லூப்பே காஸ்டியோ ஆகியோரின் முயற்சியால் தஞ்ச மனுக்களை எழுதித் தரும் இடமாயிற்று. முகாம்களில் அடைபட்டவர்களை ஜாமீனில் எடுக்கத் தம் வீட்டையே ஈடாக வைத்தவர்களும் அங்கு இருந்தனர்.

டூசானில் இப்பணியில் இறங்கிய ஜிம் கார்பெட் சட்டம் படித்தவர் அல்லர். மூட்டுவாதத்தால் கைவிரல்கள் கோணிப்போன, குவாக்கர் சமயத்தைச் சேர்ந்த பண்ணைக்காரர். 1981 மே மாதம், பிடிபட்ட ஒரு சால்வடோரியரைத் தேடி அவர் நோகாலஸ் சிறைக்குப் போனார். ஜி-28 என்னும் படிவத்தில் கைதியின் கையொப்பம் இருந்தால்தான் அவர் சார்பில் யாரும் பேச முடியும். உள்ளே கண்டவர்களுக்குப் படிவம் போதவில்லை. கூடுதல் படிவம் வாங்கிவரக் குடிவரவு அலுவலகத்துக்குப் போனார். அவர் திரும்பி வருவதற்குள் கைதிகளைக் கொண்டுபோய்விட்டார்கள். அன்று அவர் பட்ட வேதனை பின்னாளில் பல ஆயிரம் பேருக்குக் கதவைத் திறந்தது.

1982 மார்ச் 24 அன்று, அதே டூசானில் போதகர் ஜான் ஃபைஃப் தலைமையிலான சவுத்சைடு பிரெஸ்பிடேரியன் தேவாலயம் தன்னை அடைக்கலத் தலமாக வெளிப்படையாக அறிவித்தது. இதற்கு அவர்கள் கொடுத்த விலை பெரிது. 1985 ஜனவரியில் 16 பேர் மீது குற்றம் சாட்டப்பட்டது. 1986 மே 1 அன்று ஃபைஃப் உட்பட எட்டுப் பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. கண்காணிப்புத் தண்டனையோடு வெளியே வந்தவர்கள் தொண்டைக் கைவிடவில்லை.

டெக்சாஸில் வேறொரு தீபம் ஏற்றப்பட்டிருந்தது. லிசா புரோட்யாகா 1981-இல் ஹார்லிஞ்சன் நகரில் ‘புரொயெக்டோ லிபர்டாட்’ அமைப்பைத் தொடங்க முன்னின்றார். மக்கள் ‘எல் கொரலோன்’ (பெரிய பட்டி) என்றழைத்த பேவியூ முகாமில் அடைபட்டவர்களுக்காக வாதாட அங்கு வேறு ஆள் அரிது. சால்வடோர், குவாத்தமாலா மக்களின் மனுக்களில் நூற்றுக்கு மூன்றுகூட ஏற்கப்படாத காலம் அது. தோற்பது உறுதி என்று தெரிந்தும் ஒவ்வொரு வழக்கையும் முறையாக எழுதி, மேல்முறையீட்டுக்குக் கொண்டுசென்ற அந்த உழைப்பை நாம் என்றும் போற்ற வேண்டும்.

அந்த உழைப்பு வீண்போகவில்லை. 1988-இல் நீதிபதி டேவிட் கென்யன் வழங்கிய ஒராண்டஸ் தீர்ப்பு, சால்வடோரியர்களை மிரட்டி ஊர் திரும்பக் கையொப்பம் வாங்கக் கூடாது, தஞ்ச உரிமையை எடுத்துச் சொல்ல வேண்டும் என்றது. 1991-இல் அமெரிக்க பாப்டிஸ்ட் சபைகள் தொடுத்த வழக்கு உடன்பாட்டில் முடிந்து, நிராகரிக்கப்பட்டவர்களுக்கும் புது விசாரணை கிடைத்தது.

இதற்கிடையே 1988 டிசம்பரில், மனுச் செய்தவர்கள் தெற்கு டெக்சாஸை விட்டு நகரக் கூடாது என்று குடிவரவுத் துறை ஆணையிட்டது. ஆயிரக்கணக்கானோர் பிரவுன்ஸ்வில்லில் குளிரில் தேங்கினர். அந்த நெருக்கடியிலிருந்து 1989-இல் பிறந்ததுதான் கட்டணமின்றி வாதாடும் ‘புரோபார்’ திட்டம். அதே ஆண்டு அரிசோனாவின் சிறை நகரமான ஃபிளாரன்ஸில், தம் முன் துணையின்றி நிற்போரைக் கண்டு மனம் பொறாத நீதிபதி ஜான் மெக்கேரிக் வழக்கறிஞர்களிடம் உதவி கேட்டார். கிறிஸ் பிரெல்ஜி தம் நிறுவனத்தில் ஓராண்டு விடுப்புப் பெற்று அங்கு வந்தார். விசாரணைக்கு முன்பே கைதிகளைக் கூட்டி உரிமைகளை விளக்கும் வழக்கத்தை வளர்த்தது ஃபிளாரன்ஸ் திட்டம். 2003-இல் நீதித் துறை அதையே முன்மாதிரியாகக் கொண்டு சட்ட விளக்கத் திட்டத்தை நாடெங்கும் தொடங்கியது நமக்கெல்லாம் பெருமை.

1996-ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம் விரைவு வெளியேற்றத்தைக் கொண்டுவந்தது. உயிருக்கு அஞ்சுவதாகச் சொல்பவருக்கு ஒரு நேர்காணல். அதில் தவறினால் பெரும்பாலும் நாடு கடத்தல்தான். அதன்பின் நம் தொண்டர்களின் நேரம் பெரிதும் அந்த நேர்காணலுக்கு ஆளைத் தயார்படுத்துவதிலேயே கழிந்தது. 2014-இல் நியூ மெக்சிகோவின் ஆர்ட்டீசியாவில் தாய்மாரும் குழந்தைகளும் அடைக்கப்பட்டபோது, பல மாநில வழக்கறிஞர்கள் சொந்தச் செலவில் வந்து தங்கினர். ஆண்டு முடிவதற்குள் அம்முகாம் மூடப்பட்டது. டெக்சாஸ் மாநிலத்தின் டில்லி (Dilley) என்னும் ஊரில் 2,400 படுக்கைகளுடன் புதிய முகாம் எழுந்ததும், நான்கு அமைப்புகள் சேர்ந்து ‘காரா’ திட்டத்தைத் தொடங்கின. வாரம் ஒரு குழுவாகத் தொண்டர்கள் வந்துபோயினர்.

மெக்சிகோவின் டிஹுவானாவில் பணிபுரிந்த ‘அல் ஓட்ரோ லாடோ’ அமைப்பு, எல்லையில் தஞ்சம் கேட்போரைத் திருப்பி அனுப்புவதை எதிர்த்து 2017-இல் வழக்குத் தொடுத்து, 2021-இல் மாவட்ட நீதிமன்றத்தில் வென்றது. 2019 முதல் மெக்சிகோவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் அந்நாட்டின் மட்டமோரோஸ் நகரக் கூடாரங்களில் வாய்தாவுக்குக் காத்திருந்தபோது, நம்மவர்கள் பாலத்தைக் கடந்து நடந்துசென்று மனு எழுதினர்.

தமிழர்களும் இந்த எல்லைக்கு வந்திருக்கிறார்கள். 2017 பிப்ரவரியில் சான் இசித்ரோ அருகே எல்லை தாண்டிய ஓர் இலங்கைத் தமிழர், தம்மைக் கடத்தி அடித்தவர்கள் யார், எதற்காக அடித்தார்கள் என்று சொல்ல இயலாததால் நேர்காணலில் நிராகரிக்கப்பட்டார். அதிகாரி, மொழிபெயர்ப்பாளர், தாம் என மூவரும் ஒருவரையொருவர் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்பதும் அவர் மனுவில் இருந்தது. அமெரிக்கக் குடிமை உரிமைகள் சங்கத்தின் வழக்கறிஞர்கள் அவருக்காக உச்ச நீதிமன்றம் வரை போராடினர். 2020 ஜூன் 25 அன்று தீர்ப்பு 7-2 என அவருக்கு எதிராக அமைந்தது. இன்னொரு தமிழர் அந்த நேர்காணல் மேசைமுன் அமரும் நாளில் அவர் சொல்வது சொன்னபடியே அதிகாரியின் காதில் விழ வேண்டும். தமிழும் ஆங்கிலமும் அறிந்தவர்கள் தங்கள் பகுதியில் உள்ள அகதிகள் சட்ட உதவி அமைப்புகளில் மொழிபெயர்ப்பாளராகப் பெயர் கொடுக்க அன்புடன் வேண்டுகிறோம்.