பாராதைராய்டு சுரப்பி வீக்கம்: காரணமா, விளைவா?

கழுத்தில் தைராய்டு சுரப்பியின் பின்புறம் ஒட்டியிருக்கும் சிறு சுரப்பிகளே பாராதைராய்டு சுரப்பிகள். பொதுவாக நான்கு இருக்கும். ஒவ்வொன்றும் அரிசி மணியை விடச் சற்றே பெரியது. இரத்தத்தில் கால்சியம் குறைந்தால் இவை பாராதார்மோனைச் சுரந்து, எலும்பிலுள்ள கால்சியத்தை இரத்தத்துக்குக் கொண்டுவருகின்றன.

இச்சுரப்பி முதலில் அறியப்பட்டது ஓர் இந்தியக் காண்டாமிருகத்தின் உடலில்தான். 1849இல் லண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் இறந்த அவ்விலங்கை அறுத்து ஆராய்ந்த ரிச்சர்ட் ஓவன் இதைக் குறித்துவைத்தார். மனித உடலில் இதை விவரித்தவர் சுவீடனைச் சேர்ந்த ஐவர் சாண்ட்ஸ்ட்ரோம் (1880). அவர் வாழ்ந்தவரை அக்கண்டுபிடிப்பை உலகம் பெரிதாக மதிக்கவில்லை.

எலும்பு நோயால் இறந்தோரிடம் இச்சுரப்பிகள் வீங்கியிருப்பதை வியன்னாவின் யாக்கோப் எர்ட்ஹைம் கண்டார். எலும்பு கெட்டதால் சுரப்பி பெருத்தது, அதாவது வீக்கம் ஒரு விளைவு என்பது அவர் கருத்து. அதே நகரில் 1925இல் ஃபெலிக்ஸ் மாண்டில் அக்கருத்தை நம்பி, எலும்பு நொறுங்கிய ஆல்பர்ட் என்ற டிராம் ஊழியருக்கு வேறொருவரின் பாராதைராய்டு சுரப்பியைப் பொருத்தினார். பயனில்லை. பின்பு நோயாளியின் கழுத்திலிருந்த கட்டியை அகற்றியதும் அவர் தேறினார். அப்படியானால் வீக்கமே காரணம்! (சில ஆண்டுகளில் நோய் மீண்டது.)

எர்ட்ஹைம் தோற்றுவிட்டதாகச் சொல்வது சரியல்ல. அவர் சொன்னது சிறுநீரக நோயாளிகளிடம் உண்மையாகிறது. வேலூரில் லாங் பஜார் கடைவீதியிலிருந்து நடந்து செல்லும் தொலைவில், ஐடா ஸ்கடர் தொடங்கிய கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது. இந்தியாவின் தொடக்ககால டயாலிசிஸ் சிகிச்சை 1960களில் இங்கு நடைபெற்றது. 1971இல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவையும் நடந்தது. சிறுநீரகம் செயலிழந்தால் உடலில் பாஸ்பரஸ் தேங்கும், வைட்டமின் டி செயல்நிலை பெறாது, கால்சியம் குறையும். ஈடுகட்ட நான்கு சுரப்பிகளும் பெருக்கின்றன. டயாலிசிஸ் ஆயுளை நீட்டுவதால், இவ்வீக்கம் முற்றுவதற்கும் ஆண்டுகள் கிடைத்துவிடுகின்றன.

கட்டியின் உள்ளே நடப்பது 1991இல் தெளிவானது. ஆண்ட்ரூ அர்னால்டு குழுவினர் ஆராய்ந்த சில கட்டிகளில் 11ஆம் குரோமோசோம் உடைந்து தலைகீழாக ஒட்டியிருந்தது. அதனால் பாராதார்மோன் மரபணுவின் இயக்குபகுதி, சைக்ளின் டி1 என்ற புரதத்தின் மரபணு அருகே வந்து சேர்ந்தது. ஹார்மோன் சுரக்கச் சொல்லும் கட்டளை உயிரணுவைப் பிளக்கச் சொல்லும் கட்டளையாக மாறிவிட்டது. பின்னாளில் பல புற்றுநோய்களில் காணப்பட்ட இப்புரதம் இந்தச் சிறு சுரப்பியின் வழியாகவும் வெளிச்சத்துக்கு வந்தது.

1993இல் எட்வர்ட் பிரவுன் குழுவினர் பசுவின் பாராதைராய்டிலிருந்து கால்சியம் உணர்வியைப் பிரித்தறிந்தனர். கால்சியம் போதுமென்று உயிரணுவுக்குச் சொல்வது இதுவே. சிறுநீரக நோயாளிகளின் சுரப்பிகள் முடிச்சு முடிச்சாகப் பெருக்கும்போது, இந்த உணர்வியும் வைட்டமின் டி ஏற்பியும் குறைந்துபோகின்றன. விளைவாகத் தொடங்கிய வீக்கம் அங்கே காரணமாகிவிடுகிறது. புதிய சிறுநீரகம் பொருத்திய பிறகும் சிலருக்குக் கால்சியம் இறங்காததற்கு இதுவே காரணம்.

அத்தகையவர்களுக்கு மூன்றரைச் சுரப்பிகளை அகற்றுவர். அல்லது நான்கையும் எடுத்து ஒரு துண்டை முன்கைத் தசையில் பதிப்பர். அது மீண்டும் பெருத்தால் கழுத்தைத் திறக்க வேண்டியதில்லை, கையைத் திறந்தால் போதும்.