மலை இருவாட்சி

மலை இருவாட்சி, தாமிரபரணி பிறக்கும் பொதிகை மலைக்காடுகளில் வாழும் பெரும் பறவை. 1988இல் அமைந்த களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் இதன் தமிழக வாழிடங்களுள் ஒன்று. மேற்குத் தொடர்ச்சி மலை, இமய அடிவாரம், தென்கிழக்கு ஆசியா ஆகிய பகுதிகளில் இது காணப்படுகிறது. நீளம் ஏறத்தாழ ஒரு மீட்டர். எடை சுமார் மூன்று கிலோ. பெரிய மஞ்சள் அலகின்மேல் தொப்பி போன்ற புடைப்பு உண்டு. ஆணின் விழி சிவப்பு, பெண்ணின் விழி வெண்மை.

குரல்

ஆண் முதலில் 'கொக், கொக்' என்று விட்டுவிட்டுக் கூப்பிடும். பெண்ணும் சேர்ந்துகொள்ள, குரல் விரைந்து உயர்ந்து காடு அதிரும் முழக்கமாகும். இணை சேரும் காலத்தில் இதை அடிக்கடி கேட்கலாம். பறக்கும்போது சிறகிறகுகளின் இடைவெளியில் காற்றுப் புகுவதால் எழும் பேரிரைச்சல், பறவை கண்ணில் படுமுன்னே அதன் வரவைச் சொல்லிவிடும்.

கூடு

இருவாட்சியால் மரத்தைக் குடைய இயலாது. முதிர்ந்த நெடுமரங்களில் இயற்கையாக விழுந்த பொந்துகளையே நாடும்; ஒரே பொந்துக்கு ஆண்டுதோறும் திரும்பி வரும். ஆண்டின் தொடக்க மாதங்களில் பெண் பொந்துக்குள் புகுந்து, தன் எச்சத்தால் வாயிலை அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு பிளவு மட்டும் எஞ்சும். உள்ளே ஒன்று அல்லது இரண்டு முட்டையிட்டு, ஏறத்தாழ 40 நாள் அடைகாக்கும். அப்போது அதன் பறக்கும் இறகுகள் உதிர்ந்து புதிதாக முளைக்கும்.

உணவுக்கு ஆணே முழுப் பொறுப்பு. ஆல், அத்தி இனப் பழங்களைத் தொண்டையில் சேர்த்து வந்து, ஒவ்வொன்றாகப் பிளவு வழியே ஊட்டும். குஞ்சு பொரித்தபின் பூச்சிகளும் ஓணான் போன்ற சிற்றுயிர்களும் கொண்டுவரும். குஞ்சு ஓரளவு வளர்ந்ததும் தாய் வாயிலை உடைத்து வெளியேறும். பிறகு இரண்டும் சேர்ந்து ஊட்டும். பெரும்பாலும் ஒரு குஞ்சே பறக்கும் பருவத்தை எட்டும்.

ஆப்பிரிக்கக் காட்டு இருவாட்சிகளும் இவ்வாறே வாயிலை அடைக்கின்றன. அக்கண்டத்தின் தரை இருவாட்சி இனங்கள் இரண்டு மட்டுமே இதற்கு விலக்கு.

பாதுகாப்பு

விழுங்கிய பழங்களின் விதைகளைத் தொலைதூரம் பரப்பிக் காட்டை வளர்க்கும் பறவை இது. இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றுள்ளது. 2018 முதல் உலக அளவில் அழிவாய்ப்புள்ள இனமாகவும் வகைப்படுத்தப்பட்டுள்ளது. கூட்டுக்காலத்தில் ஆண் வேட்டையாடப்பட்டால் பொந்துக்குள் இருக்கும் தாயும் குஞ்சும் உணவின்றித் தவிக்கும். பொந்துள்ள ஒரு முதுமரம் வீழ்ந்தால், அதற்கு ஈடான மரம் உருவாகப் பல தலைமுறைகள் ஆகும். ஆகவே பொதிகையின் முதுமரங்களைக் காப்பதே மலை இருவாட்சியைக் காக்கும் முதல் வழி.