செஞ்சியில் இருந்த பாட்டியும் ஒளித்து வளர்த்த பேரனும்

மண்டகப்பட்டில் மகேந்திரவர்மன் குடைந்த கோயிலைப் பார்க்கப் போகிறவர்கள் அப்படியே செஞ்சிக் கோட்டைக்கும் ஒரு நடை போய் வருவார்கள். செஞ்சி என்றதும் எல்லோருக்கும் ஞாபகம் வருவது தேசிங்கு ராஜன்தான். ஆனால் அவருக்கு முன்பே அந்தக் கோட்டையில் ஒரு மராட்டிய ராணி இருந்தார். பெயர் தாராபாய். சத்ரபதி சிவாஜியின் மருமகள்.

அண்ணன் சம்பாஜியை ஔரங்கசீப் கொன்றுவிட, தம்பி ராஜாராம் 1689இல் செஞ்சிக்குத் தப்பி வந்தார். மொகலாயப் படை விரட்டி வந்து சுமார் எட்டு வருடம் கோட்டையை முற்றுகையிட்டது. அந்த வருடங்களில்தான் மனைவி தாராபாயும் இங்கே வந்து சேர்ந்தார். 1696இல் மகன் பிறந்தான். தாத்தா பெயரையே வைத்தார்கள், சிவாஜி.

1700இல் ராஜாராம் இறந்ததும், நாலு வயதுப் பையனை அரியணையில் உட்கார வைத்து ஔரங்கசீப்பையே எதிர்த்து நின்றவர் இந்தத் தாராபாய். அது தனிக் கதை! நம்முடைய விஷயம் 1714இல் ஆரம்பிக்கிறது (தேசிங்கு செத்ததும் அதே வருடம்தான்). கோலாப்பூரில் சக்களத்தி ராஜஸ்பாய் தன் மகனை ராஜாவாக்கி, தாராபாயையும் அவர் மகனையும் சிறையில் தள்ளினார். 1726இல் மகன் சிறையிலேயே இறந்தான். அவனுக்கு ஒரு ஆண் குழந்தை. அதுவும் சக்களத்தி கையில் சிக்கிவிடுமோ என்ற பயத்தில், ராமராஜா என்ற அந்தப் பேரனை யாருக்கும் தெரியாமல் வெளியே அனுப்பி வளர்த்ததாகத் தாராபாய் பின்னாளில் சொன்னார்.

இருபது வருடத்துக்கு மேல் ரகசியம் வெளியே வரவில்லை. சதாராவில் ஆண்ட சாகு மகாராஜாவுக்கு (கொல்லப்பட்ட சம்பாஜியின் மகன்) ஆண் வாரிசு இல்லை. அவர் அந்திமக் காலத்தில்தான் பாட்டி வாய் திறந்தார். சாகு 1749 டிசம்பரில் இறக்க, அடுத்த மாதமே பேரனுக்கு முடிசூட்டினார்கள்.

பேரன் கிடைத்தாயிற்று, அப்புறம் என்ன? பேஷ்வா பாலாஜி பாஜிராவைப் பதவியிலிருந்து நீக்கச் சொன்னார் பாட்டி. ராமராஜா மாட்டேன் என்றுவிட்டார். 1750 நவம்பரில் பேரனைச் சதாரா கோட்டையிலேயே சிறை வைத்தார்! மகனைச் சிறையில் பறிகொடுத்தவர் செய்த காரியம் இது. அதோடு விடவில்லை. 1752இல் ஜெஜூரி கண்டோபா கோயிலில், இவன் என் பேரனே இல்லை என்று சத்தியமும் செய்தார்.

எது பொய்? பேரன் என்றதா, இல்லை என்றதா? இதில் வரலாற்று ஆசிரியர்களுக்குள் ஒற்றுமை இல்லை. எப்படியிருந்தாலும், ராமராஜா சொன்ன பேச்சைக் கேட்டிருந்தால் அந்தச் சத்தியத்துக்கே வேலை இருந்திருக்காது.

தாராபாய் 1761 டிசம்பரில் இறந்தார். பாட்டியே மறுத்த ராமராஜாவை, பேஷ்வாக்கள் மட்டும் ராஜா என்றே வைத்திருந்தார்கள். பெயருக்குத்தான், 1777இல் அவர் சாகும் வரை.