வாணமும் கடையும் பள்ளியும்

1957-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 31-ஆம் நாள் மலாயா விடுதலை பெற்றது. அதே ஆண்டு அக்டோபர் 4-ஆம் நாள் சோவியத்து நாடு ஸ்புட்னிக் என்னும் செயற்கைத் துணைக்கோளை விண்ணில் செலுத்தியது. இவ்விரண்டையும் வரலாறு நன்கு நினைவில் வைத்திருக்கிறது. அவ்வாண்டிலேயே அமெரிக்காவில் மாதிரி ராக்கெட்டுப் பொழுதுபோக்கு பிறந்ததைப் பலர் அறியார்.

அதனைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவர் காலணிக் கடைக்காரர். நெப்ராஸ்கா மாநிலத்தைச் சேர்ந்த ஓர்வில் கார்லைல், தம் உடன்பிறந்தாருடன் சேர்ந்து, எரிந்து தீர்ந்ததும் மருந்துக்குழலை மாற்றிக்கொள்ளத்தக்க சிறு ராக்கெட்டு ஒன்றை 1954-இல் செய்திருந்தார். ராக்கெட்டுப் பாதுகாப்புப் பற்றி ஹாரி ஸ்டைன் என்பவர் எழுதிய கட்டுரையை 1957-இல் படித்த அவர், தம் மாதிரிகளை ஸ்டைனுக்கு அனுப்பிவைத்தார். சிறுவர் தாமே மருந்து இடித்து விரல்களை இழந்துவந்த அக்காலத்தில், ஆலையில் அளவாகச் செய்த மருந்துக்குழல் பெரும் பாதுகாப்பாயிற்று. பின்னர் வெர்ன் எஸ்டிஸ் என்பவர் அக்குழல்களைப் பெருமளவில் செய்யும் இயந்திரத்தை உருவாக்கினார். ஊர்தோறும் இருந்த பொழுதுபோக்குப் பொருட்கடைகள் அவற்றைச் சிறுவர் கைகளில் சேர்த்தன.

வாணம் தமிழருக்குப் புதிதன்று. காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் 1780-இல் நடந்த போரில் மைசூர்ப் படையினர் இரும்புக்குழல் வாணங்களை ஏவினர். கும்பினிப் படையின் வெடிமருந்து வண்டிகள் அங்கே வெடித்துச் சிதறின. 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் அவ்வாணங்கள் இங்கிலாந்து சென்றன. அவற்றைக் கண்டே வில்லியம் காங்கிரீவ் தம் ராக்கெட்டுகளை ஆக்கினார்.

மலாயாவிலோ நிலைமை வேறு. வெடிபொருள்களைக் கட்டுப்படுத்தும் சட்டமும் அதே 1957-ஆம் ஆண்டின் பெயரையே தாங்கி நிற்கிறது. பொதுநலம் கருதிய அச்சட்டத்தைக் குறைகூற வழியில்லை. ஆயினும், அமெரிக்கச் சிறுவன் கடையில் வாங்கியது போல மருந்துக்குழலை இந்நாட்டுச் சிறுவன் எளிதில் வாங்க இயலவில்லை. காற்றாடித் தாளும் பசையும், ஒட்டிச் செய்யும் விமான மாதிரிகளுமே அவனுக்கு எட்டின. எழுதுபொருட் கடையும் விளையாட்டுப் பொருட்கடையுமே அவனது தொழிற்கூடமாயின.

பிரிக்பீல்ட்ஸ் வட்டாரம் இதற்கு ஏற்ற மண் எனலாம். கோலாலம்பூரை 1881-இல் தீயும் வெள்ளமும் அழித்தபின், நகரைக் கல்வீடுகளாகக் கட்டியெழுப்பச் செங்கல் அறுத்த இடம் அது. பின்னர் இரயில்வே பணிமனைகளும் தொழிலாளர் குடியிருப்புகளும் அங்கே எழுந்தன. இந்தியத் தமிழரும் யாழ்ப்பாணத் தமிழரும் இரும்போடும் நீராவியோடும் பழகிய ஊர் அது. ஆனால் பழைய இரயில் நிலத்தில் கே.எல். சென்ட்ரல் நிலையம் 2001-இல் திறக்கப்பட்டது. 2010-இல் பிரிக்பீல்ட்ஸ் 'லிட்டில் இந்தியா'வாக அறிவிக்கப்பட்டது. இன்று அங்கும், கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் சேலைக்கும் பூமாலைக்கும் பலகாரத்துக்கும் குறைவில்லை. சிறுவன் ஒருவன் தன் கையால் எதையேனும் செய்வதற்கான பொருளை விற்கும் கடையோ தேடிக் காணவேண்டிய அரும்பொருளாகிவிட்டது.

காரணங்கள் வெளிப்படையானவை. கடைவாடகை உயர்ந்தது, பேரங்காடிகள் பெருகின. 2012-இல் லசாடாவும் 2015-இல் ஷோப்பியும் இணையவழி வாணிகத்தை வீட்டுவாசலுக்குக் கொண்டுவந்தன. 2020 மார்ச்சு 18-இல் தொடங்கிய நடமாட்டக் கட்டுப்பாடு எஞ்சிய சிறுகடைகளையும் உலுக்கியது. பொருள் இன்றும் கிடைக்கிறது. முன்னிலும் மலிவாகவே கிடைக்கிறது. கிடைக்காதது ஒன்றே. "தம்பி, இந்தப் பசை இதற்கு ஒட்டாது, சிறகைச் சற்றுப் பின்னால் வை" என்று சொல்லும் கடைக்காரரின் சொல் பொட்டலத்தில் வருவதில்லை. கடை மறைந்தபோது வாணிபத்தோடு ஒரு வகுப்பறையும் மறைந்தது.

அந்த இடத்தை நிரப்பவல்லது பள்ளியே. அதற்கு வழிகாட்டுவது நீர் ராக்கெட்டு. மருந்தும் தீயும் அதற்கு வேண்டா. வாயுப் பானம் அடைத்துவந்த பிளாஸ்டிக்குப் புட்டி, அட்டைச் சிறகுகள், அடைப்பான், மிதிவண்டிக்குக் காற்றடிக்கும் பம்பு ஆகியன போதும். மூன்றில் ஒரு பங்கு நீர் நிரப்பிக் காற்றை அடைத்துவிட்டால், அழுந்திய காற்று நீரைக் கீழே தள்ள, புட்டி மேலே பாய்கிறது. நியூட்டனின் மூன்றாம் விதி மாணவன் கண்முன் நிகழ்கிறது. நீர் மிகுந்தால் காற்றுக்கு இடமில்லை. குறைந்தால் உந்துதல் நிலைக்காது. சரியான அளவைத் தேடுவதே ஓர் ஆராய்ச்சி. கீறல் விழுந்த புட்டியை விலக்குவதும், கயிற்றை இழுத்துத் தொலைவிலிருந்து ஏவுவதும் ஆசிரியர் கற்பிக்கவேண்டிய ஒழுங்கு.

1994-இல் திறக்கப்பட்ட தேசியக் கோளரங்கம் மாணவர்க்கு நீர் ராக்கெட்டுப் போட்டிகளை நடத்தி வந்துள்ளது. ஆசிய பசிபிக் நாடுகளின் மாணவர் கூடும் போட்டியும் 2005 முதல் நிகழ்ந்துவருகிறது. எனினும், போட்டிக்கு ஓரிருவரைத் தேர்ந்தெடுத்து அனுப்புவதோடு பள்ளியின் கடமை முடிந்துவிடாது. மேசைமீது கத்தரிக்கோலும் அட்டையும் பழைய புட்டிகளும் ஆண்டு முழுதும் இருக்கவேண்டும்; பிழை செய்யும் உரிமை எல்லாப் பிள்ளைக்கும் வேண்டும். காசுள்ள வீட்டுப் பிள்ளைக்கு இணையம் கடையாகலாம். இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு ஆசிரியரின் மேசையே கடை. அந்தக் கடையை அடைத்துவிடாமல் காப்பது தமிழ்ப்பள்ளி ஆசிரியரின் பொறுப்பு.