கைடென்: ஜப்பானியக் கிளைக்கதைகளின் வரலாறு

கைடென் என்பது ஜப்பானியப் புனைகதைகளில் மூலக்கதைக்கு வெளியே, ஆனால் அதே கதையுலகில் நிகழும் கிளைக்கதையைக் குறிக்கும் சொல்லாகும். 'கை' என்றால் வெளி. 'டென்' என்றால் வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. முறையான வரலாற்றில் இடம்பெறாத செய்திகளைக் கூறும் நூலைக் குறித்த சீன வழக்கிலிருந்து இச்சொல் வந்தது. இன்று மங்கா, அனிமே, நிகழ்பட ஆட்டங்கள் ஆகியவற்றின் தலைப்புகளில் இது காணப்பட்டாலும், கிளைக்கதை மரபு அவற்றைவிட மிகப் பழையது.

அக்கோ நிகழ்வு

1701-ஆம் ஆண்டில் அக்கோ பகுதியின் தலைவர் அசானோ, எடோ கோட்டைக்குள் கிரா என்ற அதிகாரியை வாளால் தாக்கினார். தற்கொலை செய்துகொள்ளுமாறு அவருக்கு ஆணையிடப்பட்டது. அவரது ஆட்சிப்பகுதியும் பறிக்கப்பட்டது. அவரிடம் பணியாற்றிய 300-க்கும் மேற்பட்ட சாமுராய்கள் 'ரோனின்' எனப்படும் தலைவனற்ற வீரர்கள் ஆயினர். அவர்களில் 47 பேர் 1703 தொடக்கத்தில் கிராவைக் கொன்று பழிதீர்த்தனர்.

இதனைத் தழுவி 1748-இல் ஒசாக்காவில் 'கனதெஹோன் சூஷிங்குரா' என்ற பொம்மலாட்ட நாடகம் அரங்கேறியது. அண்மைக்காலச் சாமுராய் நிகழ்வுகளை மேடையில் காட்ட அரசு தடை விதித்திருந்ததால், கதை 14-ஆம் நூற்றாண்டுக்கு மாற்றப்பட்டது, பெயர்களும் மாற்றப்பட்டன. நாடகம் விரைவில் கபுக்கி மேடைக்கும் சென்றது.

செக்காயும் ஷுக்கோவும்

மக்கள் நன்கறிந்த கதைக்களத்தைக் கபுக்கி ஆசிரியர்கள் 'செக்காய்', அதாவது உலகம், என்று அழைத்தனர். அதில் தாம் புகுத்தும் புதிய உத்தி 'ஷுக்கோ' எனப்பட்டது. முழுக்கதையையும் புதிதாகப் படைக்க வேண்டிய தேவை இல்லை. தெரிந்த உலகில் தெரியாத ஒரு மூலையைக் காட்டுவதே திறமையாகக் கருதப்பட்டது.

இதற்குச் சிறந்த சான்று, நான்காம் சுருயா நன்போக்கு எழுதிய 'தொக்காய்தோ யொட்சுயா கைதான்' என்ற பேய்க்கதை நாடகம். 1825-இல் எடோவின் நக்கமுரா அரங்கில் இது சூஷிங்குராவுடன் இணைத்து, இரு நாடகங்களின் காட்சிகளும் மாறி மாறி வருமாறு இரண்டு நாட்கள் நடிக்கப்பட்டது. இதன் நாயகன் இயெமோனும் அதே தலைவனிடம் பணியாற்றிய ரோனின்தான். ஆனால் அவன் பழிவாங்கும் அணியில் இல்லை. வறுமையில் வாடும் அவன், எதிரி வீட்டாரிடம் வேலை கிடைக்கும் என்ற ஆசையில் மனைவி ஓய்வாவைக் கைவிடுகிறான். எதிரியின் ஆள் மருந்தென்று அனுப்பிய நஞ்சால் முகம் சிதைந்து, துயருற்று இறக்கும் ஓய்வா ஆவியாகி அவனை வதைக்கிறாள்.

மூலக்கதை 47 பேரின் விசுவாசத்தைப் போற்றியது. மற்றவர்கள் என்ன ஆனார்கள், அவர்களின் மனைவியர் எப்படி வாழ்ந்தனர் என்ற கேள்விகளைக் கிளைக்கதையே எழுப்பியது. ஒரே மேடையில் இரண்டையும் பார்த்தவர்களுக்கு, விசுவாசத்தின் பெருமையும் வறுமையின் கொடுமையும் அடுத்தடுத்துத் தெரிந்தன.

கதைசொல்லிகளின் பகுப்பு

'கோதான்' என்ற கதைசொல்லும் கலையில் அக்கோ கதைகள் மூன்றாகப் பகுக்கப்பட்டன. பழிவாங்கலை நேரடியாகச் சொல்வது 'ஹொன்டென்'. வீரர் ஒவ்வொருவரின் வரலாறு 'மெய்மெய்டென்'. அவர்களைச் சுற்றியிருந்தவர்களின் கதை 'கைடென்'. 1994-இல் கின்ஜி ஃபுக்கசாக்கு இயக்கிய திரைப்படத்தின் ஜப்பானியத் தலைப்பு, யொட்சுயா கதையைச் 'சூஷிங்குரா கைடென்' என்றே குறிப்பிடுகிறது.

இக்காலக் கைடென்கள்

இன்றைய வாசகர்கள் தனிக்கதைகள் வழியாக அவற்றின் பின்னுள்ள பெரிய உலகத்தையே நுகர்கிறார்கள் என்று விமர்சகர் எய்ஜி ஒட்சுக்கா 1989-இல் எழுதினார். அதை விளக்க அவர் கபுக்கியின் செக்காய், ஷுக்கோ என்னும் சொற்களையே பயன்படுத்தினார்.

வணிக நோக்கமும் இதில் உண்டு. புகழ்பெற்ற தொடரின் கிளைக்கு வாசகர்கள் முன்பே இருக்கிறார்கள். எனினும் பழைய இயல்பு மறையவில்லை. 'இன்டெக்ஸ்' நாவல் தொடரின் துணைப்பாத்திரமான மிசாக்கா மிகொத்தோ, 2007-இல் தொடங்கிய 'ரெயில்கன்' மங்காவில் நாயகியானாள். 'துப்பறியும் கோனன்' மங்காவில் கருநிழலாக மட்டும் வரையப்பட்ட குற்றவாளிக்கு 2017-இல் தனித்தொடர் கிடைத்தது. மூலக்கதை ஓரத்தில் நிறுத்தியவர்களை நடுவில் வைத்துப் பார்க்கும் வழக்கம், 1825-ஆம் ஆண்டின் கபுக்கி மேடையிலிருந்து இன்றுவரை தொடர்கிறது.